மேலே நிற்கும் ட்ரோனும் கீழே கேட்கும் ஊரும்

மட்டக்களப்பு மாவட்டத்து ஏறாவூரைப் பற்றி இணையத்தில் ஏறும் வீடியோக்களுக்கு இப்போது ஓர் இலக்கணமே அமைந்துவிட்டது. முதலில் புன்னைக்குடாக் கடற்கரையில் சூரியன் எழும்ப வேண்டும். தோணி ஒன்று அலையில் ஏறி இறங்க வேண்டும். பிறகு ட்ரோன் மேற்கே திரும்பி, தென்னந்தோப்புகளையும் ஓட்டுக் கூரைகளையும் கடந்து, பள்ளிவாசல் மினாராக்களை ஒரு சுற்றுச் சுற்றி, திருகோணமலை வீதியில் போகும் பஸ் ஒன்றைச் சற்றுத் தூரம் துரத்தி, வாவிக்கு மேலே போய் நிற்கும். கடலும் வாவியும் ஒரே பார்வைக்குள் அடங்கும் அந்த நொடியில் ஊரின் பெயர் எழுத்தாக எழும்பும். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம். கட்டாருக்கு வேலைக்குப் போன பையன் அறையில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்ப்பான். நானும் பார்ப்பேன். பிடிக்கும்.

பிடிக்காமல் போக நியாயமில்லை. எங்கள் ஊருக்குக் கெமரா வருவது என்றால் கெட்ட செய்தி என்றுதான் நீண்ட காலம் அர்த்தம். 1978 நவம்பரில் சூறாவளி வந்தது, கெமரா வந்தது. 1990இல் ஜனாஸாக்களை வரிசையாக வைத்தபோது வந்தது. 2004இல் கடல் வந்தபோது வந்தது. படம் எடுத்தவர்கள் வெளியூரார், பார்த்தவர்கள் வெளியூரார், நாங்கள் அழுகிறவர்களாக மட்டும் அதில் இருந்தோம். இப்போது இந்த ஊரில் பிறந்த பையன்கள் கடன்பட்டுக் கெமரா வாங்கி, சிரிக்கும் முகங்களையும் நெல் வட்டையையும் எருமைத் தயிர்ச் சட்டியையும் எடுக்கிறார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடெங்கும் ட்ரோன் பறக்கத் தடை விழுந்தது. முஸ்லிம் ஊர் ஒன்றில் கெமராவைக் கையில் எடுக்கவே யோசிக்க வேண்டியிருந்த அந்த மாதங்களைக் கடந்துதான் இவர்கள் வந்திருக்கிறார்கள். அந்தத் துணிச்சலை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

என் குறை வேறு. இந்த வீடியோக்களில் ஏதாவது ஒன்றைச் சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள். ஒன்றும் குறையாது. அடியில் ஓடுவது எங்கிருந்தோ இறக்கிய இசை, அல்லது வாத்தியம் சேராத குரல் மட்டுமான நஷீத். அதைப் பாடுகிறவரும் பெரும்பாலும் வேற்று நாட்டுக்காரர். கடல் வாய் அசைக்கிறது, சத்தம் இல்லை. மீன் விற்கிறவர் வாய் அசைக்கிறார், சத்தம் இல்லை. அதே காட்சிக்கு அடியில் மாலைதீவு என்று எழுதினாலும் நம்பிவிடலாம்.

இது நடப்பது எந்தப் பிரதேசத்தில் என்று யோசித்தால் சிரிப்பு வரும். ஒரு சத்தத்துக்காகவே உலகம் அறிந்த வாவி இது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். கண்டியிலும் மாத்தளையிலும் கிளர்ச்சியை அவருடைய அரசாங்கம் ஒடுக்கிய அதே ஆண்டு. வந்த இடத்தில் வாவிக்குள்ளிருந்து இசை வருகிறது என்று கேள்விப்பட்டு, மீனவர்களை அழைத்துக்கொண்டு நிலவில் தோணி ஏறினார். அவர்கள் அதை ஊரி என்ற நத்தை எழுப்பும் சத்தம் என்று சொன்னதை எழுதி வைத்தார். ஒரே சுரம் நீண்டு ஒலிக்கவில்லை, தனித்தனியான பல சிறு ஒலிகள் உயர்ந்தும் தாழ்ந்தும் கலந்து வந்தன என்பது அவர் குறிப்பு. தோணியின் பலகையில் காதை வைத்தபோது அது பல மடங்கு பெருகிற்று என்றும் எழுதினார். ஏறத்தாழ நூறு வருடம் கழித்து, மட்டக்களப்பில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதைப் பதிவு செய்தார். இலங்கை வானொலியில் அது ஒலிபரப்பாயிற்று. இடையில், காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் அந்த ஒலியை நீரரமகளிரின் பாட்டாக்கினார். அவருடைய இசை ஆராய்ச்சி நூலான யாழ்நூல் அரங்கேறியது 1947 ஜூனில். ஜூலையில் அவர் மறைந்துவிட்டார்.

மூவரும் செய்தது ஒரே காரியம். அசையாமல் இருந்து காது கொடுத்தார்கள். வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலத்தின் மேலே நின்றவருக்கு அது கேட்காது. கரையில் நின்றவருக்கும் சந்தேகம்தான். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைக்க வேண்டும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வாவிக்கு மேலே வண்டு போல் இரைந்துகொண்டு ஒரு ட்ரோன் நின்றால் அதில் எந்த ஊரி பாடும்?

படம் பிடிக்கும் பையன்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அச்சுக்காரர்களும் இதைத்தான் செய்தார்கள். தி. சதாசிவ ஐயர் 1940இல் வெளிக்கொணர்ந்த மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு, வி.சீ. கந்தையாவின் 1964ஆம் ஆண்டு மட்டக்களப்புத் தமிழகம், நிந்தவூர் எஸ். முத்துமீரான் ஊர் ஊராகத் திரிந்து சேர்த்த முஸ்லிம் நாட்டார் பாடல்கள் என்று பெரிய உழைப்புகள் இருக்கின்றன. அவர்கள் இல்லாவிட்டால் இன்று எங்கள் கையில் ஒன்றுமே இருந்திராது. ஆனால் புத்தகத்தில் வந்தது சொல். எந்த இடத்தில் மூச்சு எடுத்தார்கள், எந்த எழுத்தை இழுத்தார்கள், சூடு மிதிக்கும்போது மாட்டின் நடைக்குப் பாட்டு எப்படி மெதுவாயிற்று என்பது தாளுக்கு வரவில்லை. அச்சு எங்களுக்குக் குரலை விட்டுவிட்டுச் சொல்லைத் தந்தது. இந்தக் குறையைத் தீர்க்கக்கூடிய கருவி இப்போது ஒவ்வொரு பையன் கையிலும் இருக்கிறது. அவனோ அதைக் கொண்டு குரலை விட்டுவிட்டு இடத்தைத் தருகிறான்.

வீடியோக்காரர்கள் எல்லாவற்றையும் சுருக்கிவிட்டார்கள் என்ற புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. சுருக்குவது இங்கே புதிதும் அல்ல. விடியவிடிய வட்டக்களரியில் ஆடிய கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைக்குக் கொண்டுபோய், மேடைக்கு ஏற்பச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். 1962இல் கர்ணன் போர், பிறகு நொண்டி நாடகம், இராவணேசன். அப்போதும் கூத்தைக் கெடுத்துவிட்டார் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் சுருக்கும்போது அவர் யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்? ஏறாவூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வந்தாறுமூலையின் செல்லையா அண்ணாவியாரை. அந்தப் பெயர் பதிவில் இருக்கிறது. வந்தாறுமூலையில் படித்த மாணவர் ஒருவர் இராவணனாக ஆடினார். அவர்தான் பின்னாளில் பேராசிரியரான சி. மௌனகுரு. மத்தளம் எந்தக் கையால் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்தவரை வைத்துக்கொண்டு வெட்டியது அது. இன்றைக்கு ஒரு கூத்துக் காட்சி ஒரு நிமிட வீடியோவாக வருகிறது. கடைசியில் ட்ரோன் ஓட்டியவர் பெயர், தொகுத்தவர் பெயர், அனுசரணை கொடுத்த புடவைக் கடையின் பெயர் எல்லாம் ஓடும். மத்தளம் அடித்தவர் பெயர் ஓடாது.

முஸ்லிம்களின் பக்கம் நிலைமை இன்னும் மோசம். களிகம்பு ஆட்டத்தைப் பழக்கி ஆட்டுவிப்பவரும் அண்ணாவியார்தான். கூத்துக்காரருக்கும் எங்களுக்கும் அந்தப் பட்டம் ஒன்றே. வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து, கம்போடு கம்பு அடித்துக்கொண்டு அண்ணாவியாரின் பாட்டுக்கு ஆடுவார்கள். தாளம் பிசகினால் விரல் உடையும், ஆகவே யாரும் பிசக விடமாட்டார்கள். நோன்பு இரவுகளில் சஹருக்கு எழுப்பப் பக்கீர் பாவா றபானை அடித்துக்கொண்டு தெருவில் வருவார். கலியாண வீட்டில் பெண்கள் குரவை போடுவார்கள். இவற்றில் பாதி, மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று சொல்லி என் கண்முன்னே நிறுத்தப்பட்டது. சொன்னவர்களிடம் அதற்கு ஆதாரம் இருந்திருக்கலாம். நான் அந்த வழக்கில் நீதிபதி அல்ல. ஆனால் ஊரைக் கொண்டாடும் வீடியோவில் ஊரின் வாத்தியம் ஏன் கேட்பதில்லை என்றால் காரணங்களில் இதுவும் ஒன்று. றபான் வேண்டாம் என்று விட்ட இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது வெளிநாட்டு நஷீத்.

இதைவிடச் சிக்கலான ஒன்று பெண்களின் கவி.

என் உம்மாவின் சாச்சி ஒருவர் எண்பதைத் தாண்டியவர். கவி பாடுவதில் அந்தக் காலத்தில் பேர்பெற்றவர். ஒருநாள் அஸருக்குப் பிறகு அவர் வீட்டு உள்மண்டபத்தில் பாயில் உட்கார்ந்து கேட்டேன். உடனே பாடவில்லை. முதலில் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "ஆம்புளயள் ஆரும் இரிக்காங்களா மனே?" என்றார். நான் ஆம்பிளை என்பது அவர் கணக்கில் வரவில்லை, நான் அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. போனை நிமிர்த்தி வைத்தேன். "மூஞ்சி வாணாம்." சரி என்று குப்புறக் கவிழ்த்துப் பாயில் வைத்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பாக்கு வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, வேறு ஏதோ வேலை செய்கிறவர் போலத் தொடங்கினார். நாலு அடி. வட்டையில் காவலுக்குப் போன மச்சான் மழையில் பரணில் என்ன செய்வான் என்று ஒருத்தி நினைப்பதாக வந்த பாட்டு. முதல் இரண்டு அடியில் குரல் உடைந்து கிடந்தது. மூன்றாவது அடியில் எங்கிருந்தோ ஒரு இழுப்பு வந்தது, அறையில் இருந்த இரண்டு பேத்திகள் கையில் இருந்ததை வைத்துவிட்டார்கள். பாக்கு வெட்டி விழும் சத்தம்தான் தாளம். மேலே மின்விசிறி கறகறத்தது. இடையில் பாட்டை நிறுத்தி, அடுப்பில் எதையோ பார்க்கச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். இரண்டாவது பாட்டு மாமியாரைப் பற்றியது. அதைப் பாடிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எழும்பும்போது சொன்னார்: "ஊருக்கெல்லாம் உட்டுராத மனே. எண்ட குரல ஆம்புளயள் கேக்கப்படா."

ஆக, என் போனில் இருக்கும் ஏறாவூரின் ஆகச் சிறந்த பதிவில் படம் இல்லை. அதை ஏற்றவும் முடியாது. இந்தப் பிரதேசத்தின் பாட்டில் பெரும்பகுதி இப்படித்தான், பார்வையாளர் என்று ஒருவர் இல்லாத இடத்தில் பிறந்தது. கிணற்றடியில், ஊஞ்சலில், தொட்டில் பக்கத்தில், இருட்டில் பன்றி விரட்டும் பரணில். யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில்தான் மச்சானைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் அவர்கள் அவ்வளவு சொன்னார்கள். கொண்டாட்டம் என்றால் நடுவில் நிறுத்தி எல்லாருக்கும் காட்டுவது. காட்டப்படாமல் இருந்ததால் வாழ்ந்த ஒன்றை எப்படிக் கொண்டாடுவது? ஏற்றாவிட்டால் அவரோடு மண்ணுக்குப் போகும், ஏற்றினால் அவருக்குச் செய்யும் துரோகம். ஏற்றக்கூடாது என்பதே என் முடிவு. ஆனால் பதியாமல் விடுவது அதைவிடப் பெரிய பிழை.

பதிவதற்கும் ஏற்றுவதற்கும் இடையில் இடம் இருக்கிறது என்பதைச் சிலர் செய்து காட்டியிருக்கிறார்கள். மட்டக்களப்புப் பறங்கியரையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் சிறிய சமூகம். அவர்கள் வீட்டில் பேசும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியையும், கலியாணங்களில் வயலினோடு ஆடும் கப்ரிஞாவையும் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோவும் குழுவினரும் வருடக்கணக்கில் பதிவு செய்து, அருகிவரும் மொழிகளுக்கான ஆவணக் காப்பகத்தில் சேர்த்தார்கள். பைலா என்று நாடே ஆடுவதன் வேர்களில் ஒன்று அந்த வீடுகளில் இருக்கிறது. யார் பாடியது, எங்கே, எப்போது, என்ன வார்த்தை என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி வைப்பதுதான் அந்த வேலையின் முறை. நம்மவர்களில் 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் புத்தகங்களோடு நிற்காமல் ஒலியையும் ஒளியையும் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்து வருகிறது. இவற்றுக்குப் பார்வைகள் இலட்சத்தில் ஏறப்போவதில்லை. ஏற வேண்டியதும் இல்லை.

இலட்சங்களில் ஏறியதற்கும் கிழக்கில் உதாரணம் உண்டு. 2022இல் தமிழ் பேசும் ஊர்களெல்லாம் சுற்றிய 'ஐயோ சாமி'யின் வரிகள் பொத்துவில் அஸ்மினுடையவை. பாடிய வின்டி குணதிலக்கவும் இசையமைத்த சனுக விக்கிரமசிங்கவும் சிங்களவர்கள். தன் ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் கிழக்கின் முஸ்லிம் எழுத்தாளருக்கு உண்டு. அந்த ஒட்டு மூலம் பொத்துவில் என்ற பெயர் போன தூரம், எந்த ட்ரோனும் கொண்டுபோக முடியாத தூரம். ஊரைக் கொண்டாடுகிறேன் என்று அந்தப் பாட்டு எங்கும் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனி வரலாறு. என் தங்கை மகன் இந்த வீடியோ எடுக்கும் பையன்களில் ஒருவன். போன வருடம் வந்து, "மாமா, ஒன்றரை நிமிசத்துக்கு ஏறாவூர் வரலாறு எழுதித் தாங்க" என்றான். அவனிடம் ஏற்கெனவே ஒரு வரைவு இருந்தது. முக்குவரும் முஸ்லிம்களான பட்டாணியரும் சேர்ந்து திமிலரைத் துரத்திய கதை, அதில் சத்துருக்கொண்டான், ஏறாவூர், வந்தாறுமூலை, சந்திவெளி என்று வரிசையாக ஊர்ப் பெயர்கள் பிறந்த கதை. பிறகு நேராக அலிகார் பாடசாலை, பாராளுமன்றம் போனவர்கள், பட்டம் பெற்றவர்கள். நடுவில் சில நூறு வருடம் காணாமல் போயிருந்தது. முதல் கதையை வைத்துக்கொள் என்றேன். அது நடந்ததோ இல்லையோ, ஒரு முஸ்லிம் ஊரும் அதன் அயலில் உள்ள தமிழ் ஊர்களும் ஒரே கதைக்குள் பெயர் வாங்கியிருக்கின்றன. அதை இரண்டு பக்கமும் சொல்கிறார்கள். ஆனால் நடுவில் இருப்பதையும் காட்டு. குடி என்று ஒன்று இங்கே தாய் வழியில் வருகிறது, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறான், வீடு மகளுக்கு எழுதப்படுகிறது. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் இருந்து இதைப் பற்றித் தடித்த புத்தகமே எழுதியிருக்கிறார், 2008இல். ஏறாவூரின் ஒரு ஒழுங்கையில் அடுத்தடுத்த நாலு கதவைத் தட்டினால் அநேகமாக அக்காளும் தங்கையும்தான் திறப்பார்கள். ஆனால் உன் வீடியோவில் ஊரைப் பற்றிப் பேசுகிறவர் அத்தனை பேரும் அந்த வீடுகளுக்கு வந்து சேர்ந்த மாப்பிள்ளைகள்! அவன் சிரித்தான். எழுதிக்கொள்ளவில்லை.

1990ஐ என்ன செய்வது என்று அவன் கேட்டதுதான் கஷ்டமான கேள்வி. ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூருக்கு வந்தார்கள். குழந்தைகளும் பெண்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விடிவதற்குள் போய்விட்டார்கள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஊர் அவர்களை நினைக்கிறது, வீடியோக்களும் வருகின்றன, வர வேண்டும். ஆனால் செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அயல் கிராமங்களிலும் இருந்து முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள், நூற்றெண்பதுக்கும் மேற்பட்டோர், கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் வீடியோ இருக்கிறது. அது வேறு சனல், வேறு இசை, வேறு மெழுகுவர்த்தி. ஏறாவூரிலும் வந்தாறுமூலையிலும் சத்துருக்கொண்டானிலும் இவை நடந்தது ஒரே வீதியில், சில வாரங்களுக்குள். ட்ரோன் ஒரே பறப்பில் ஏறாவூரையும் வந்தாறுமூலையையும் எடுக்கிறது. தொகுக்கும் மேசையில் குறிச்சி எல்லை பார்த்து வெட்டுகிறார்கள். மட்டக்களப்பைக் கொண்டாடும் தமிழ் வீடியோக்களில் ஏறாவூர் ஒரு பஸ் தரிப்பிடம், எங்கள் வீடியோக்களில் பக்கத்துத் தமிழ் ஊரான செங்கலடியின் சந்தி ஒரு பெயர்ப்பலகை. ஒன்றரை நிமிடத்தில் இரண்டு துக்கத்தையும் சொல்ல இடமில்லை என்றான் மருமகன். அப்படியானால் ஆகஸ்டை மட்டும் சொல்லு, செப்டம்பர் நடக்கவில்லை என்ற மாதிரி சொல்லாதே என்றேன். அது எப்படி மாமா என்றான். எனக்கும் முழுப் பதில் தெரியாது.

வரலாற்றைப் பிறகு பார்க்கலாம், முதலில் களிகம்பு அண்ணாவியாரைப் போய்ப் பிடி என்று அனுப்பினேன். ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். ஆடுகிறவர்கள் எல்லாருடைய பெயரையும் வாப்பா பெயரோடு எழுதச் சொன்னேன், காற்று இரைச்சல் வராத ஒலிவாங்கிக்குப் பணமும் கொடுத்தேன். போய் வந்தான். அண்ணாவியார் எழுபத்தைந்து வயதுக்காரர், மறுக்கவில்லை, ஆட ஆளும் சேர்த்துத் தருவதாகச் சொன்னாராம். ஒரே ஒரு நிபந்தனை. தொடக்கத் துதிப் பாட்டிலிருந்து ஒன்றும் வெட்டாமல் போட வேண்டும், துதியை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் காட்டுவதென்றால் கம்பைத் தொடவே மாட்டார். துதி மட்டும் ஆறு நிமிடம் ஓடும். ஆறு நிமிடத்துக்கு யாரும் நிற்க மாட்டார்கள், நாற்பது வினாடியில் கம்பு அடிக்க வேண்டும் என்கிறான் இவன். மூன்று தரம் போய்ப் பேரம் பேசிவிட்டான். கடைசியாக இரண்டு நிமிடம் வரை இறங்கி வந்திருக்கிறான். அண்ணாவியார் ஒரு வினாடியும் இறங்கவில்லை.